பத்தமடைப் பாய்க்கு யார் விளம்பரம் போட்டார்கள்?

அன்புள்ள சங்கரலிங்கம்,

உம்ம கடிதம் வந்து நாளாகிவிட்டது. மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு ஒரே அமளி, அதனால்தான் தாமதம், கோவித்துக்கொள்ளாதீர். நான் சௌக்கியம், முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே மக்கர் பண்ணுகிறது. தாமிரபரணியில் நல்ல தண்ணீர், ஆற்றுக்குள்ளேயே கோயில் கொண்ட குறுக்குத்துறை முருகன் இந்த ஐப்பசியிலும் முங்கி எழுந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரமே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பித்தலாட்டம், நம்ம ஊர்த் தொழிலாளிக்கு அது தேவைப்படவே இல்லை என்று எழுதியிருந்தீரே, அதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். தேவைப்படவில்லை என்பது சரி. ஏன் தேவைப்படவில்லை என்று நீர் யோசிக்கவில்லை வே. பானை வாங்குகிறவனுக்கு வேளாரைத் தெரியும், எண்ணெய் வாங்குகிறவனுக்குச் செக்கு ஆட்டுகிறவரின் அப்பாவையும் தெரியும். பானை ஒழுகினால் மறுநாள் அவர் வாசலில் போய் நிற்கலாம். முகம் தெரிந்த இடத்தில் எதற்குத் தாளில் அச்சடிக்க வேண்டும்? கொஞ்சம் தள்ளிப் போகிற சரக்குக்கு ஊர்ப்பேரே போதும். உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய் என்று சொன்னால் மேற்கொண்டு பேச்சில்லை. அந்தப் பாயையே எடுத்துக்கொள்ளும். கோரையை மெல்லிசாகக் கீறி, நாள்கணக்கில் ஆற்றில் ஊறப்போட்டு, நூலைப் பாவாக ஓட்டி லெப்பைமார் வீட்டில் நெய்து எடுப்பார்கள். நயம் பாய் என்றால் பட்டுத்துணி மாதிரி மடித்து வைக்கலாம். கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பேரை நெய்கிறார்களே, நெய்தவர் பேரை எந்தப் பாயிலாவது பார்த்திருக்கிறீரா?

இன்னொரு வேடிக்கை. நாம் இங்கே விளம்பரம் பண்ணாமல் இருந்த காலத்திலேயே நம்ம ஊர்ப்பேர் சீமையில் விலைபோய்க்கொண்டிருந்தது. லண்டன் மருந்துக்கடைக்காரருக்குத் திருநெல்வேலி என்றால் பேதிக்குக் கொடுக்கிற நிலாவரை இலை, லிவர்பூல் பஞ்சுத் தரகருக்கோ அது ஒரு ரகப் பருத்தியின் பேர். ரெண்டும் தூத்துக்குடியில் கப்பல் ஏறின. விளைவித்த சம்சாரி யாரென்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது, மூட்டையோடு போனது ஊர்ப்பேர் மட்டும்தான்.

இங்கே நிலைமை மாறியது ரயிலாலும் தபாலாலும் என்பது என் கட்சி. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. மறுவருஷமே தபாலில் வி.பி.பி., 1879இல் காலணா கார்டு, 1880இல் மணியார்டர். இந்த வி.பி.பி.யைச் சாதாரணமாக நினைக்காதீர். அம்பாசமுத்திரத்தில் இருக்கிற ஒருத்தர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ஒரு கார்டு எழுதிப் போட்டால் சரக்கு தபாலில் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம், முன்பணம் கிடையாது. ஆனால் பணத்தைக் கட்டின பிறகுதான் கட்டைப் பிரிக்க முடியும்! எங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி ஒரு கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ வரவழைத்தாராம். கடிகாரம் வந்தது, ஓடத்தான் இல்லை.

பஞ்சாங்கத்தின் கடைசித் தாள்களிலும் பத்திரிகைகளிலும் கூந்தல் தைலம், காய்ச்சல் மருந்து, கடிகாரம், மை என்று வரிசை கட்டியதெல்லாம் அந்தத் தபாலை நம்பித்தான். சுதேசமித்திரன் 1882இல் வாரப் பத்திரிகையாகத்தான் ஆரம்பித்தது, தினசரியானது 1899இல். விற்கிறவன் முகம் தெரியாததால் விளம்பரத்துக்கு வாய் நீளமாயிற்று, ஒரே மருந்தில் சகல வியாதியும் தீர்ந்தது, கூடவே போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கையும் வந்தது. நீர் சொல்கிற பித்தலாட்டம் இந்த இடத்தில்தான் நுழைகிறது, அதை நான் மறுக்கவில்லை. போலி முத்திரைக்காகவே 1889இல் சர்க்கார் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் துணி என்றால் எத்தனை கஜம் என்று இங்கிலீஷ் எண்ணில் முத்திரை குத்த வேண்டும் என்பதுகூட அதில் உண்டு. முழம் போடுவதில் எவ்வளவு விளையாடியிருந்தால் அப்படி எழுதியிருப்பார்கள்!

படிக்கத் தெரியாதவர்களை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்பீர். மான்செஸ்டர் துணிச்சிப்பத்தில் டிக்கெட் என்று ஒரு வண்ணச் சீட்டு ஒட்டி வரும். எங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டி மூடிக்குள் ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது. வெண்ணெய்க் குடத்தோடு கிருஷ்ணர், சுற்றிலும் தங்க மசியில் கொடி, காலடியில் ஏதோ கம்பெனியின் இங்கிலீஷ் பேர் பாதி கிழிந்து. எங்கள் வீட்டில் அதற்கு விபூதி பூசின தடம்கூட இருக்கிறது. விளம்பரத்துக்கு விபூதி பூசின பேர்வழிகள் வே நாம். இங்கிலாந்திலும் கதை அதேதான். மில்லே என்கிற பேரெடுத்த ஓவியர் தன் பேரன் சோப்புக்குமிழி விடுவதை 1886இல் வரைந்தார், பியர்ஸ் சோப்புக் கம்பெனியை நடத்திய பாரட் அதை வாங்கி ஒரு சோப்புக்கட்டியையும் சேர்த்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

சோப்பு என்றதும் வண்ணார்துறை ஞாபகம் வருகிறது. உவர்மண்ணும் வெள்ளாவியும் இருந்த இடத்துக்கு சன்லைட் கட்டி வந்தது, 1888இல் கல்கத்தாவில் இறங்கியபோதே பெட்டியில் லீவர் சகோதரர்கள் இங்கிலாந்தில் செய்தது என்று எழுதியிருந்ததாம். நெருப்புப்பெட்டியும் கப்பலில் வந்ததுதான், ஸ்வீடனிலிருந்து, சிவகாசியெல்லாம் ரொம்பப் பிற்பாடு. தையல் மிஷினும் அப்போதே வந்தாயிற்று, சிங்கர் கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவிலேயே தவணைக்குக் கொடுத்துப் பழகியவர்கள்.

எனக்கு மனசு ஆறாதது மண்ணெண்ணெய் விஷயத்தில்தான். முதலில் அமெரிக்காவிலிருந்தும் அப்புறம் ருஷ்யாவிலிருந்தும் நாலு காலன் தகர டின்னில் வந்தது. புன்னை, இலுப்பை, ஆமணக்கு எண்ணெய் எரிந்த வீட்டில் வெளிச்சம் நன்றாக வந்ததும் நிஜம், வாணியர் செக்கு மெல்ல நின்றதும் நிஜம். எண்ணெய் தீர்ந்த டின்னை யார் தூக்கிப் போட்டார்கள்? வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் கிணற்றடிக்கு வாளி, அரிசி கொட்டி வைத்தால் டப்பா, பிரித்துத் தட்டினால் கூரைக்குத் தகடு. காசு கொடுத்து ஒட்டின நோட்டீஸ் மழையில் கரைந்திருக்கும், டின்னில் அடித்த மார்க் வருஷக்கணக்கில் அடுப்பங்கரையில் இருந்தது. செக்குக்காரர் இதற்கு எதிராக எந்தப் பத்திரிகையில் என்ன விளம்பரம் போட்டு ஜெயித்திருக்க முடியும், சொல்லும். விளம்பரம் இல்லாததால் அவர் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன், தெரிந்த முகம் என்கிற முதலுக்கு மதிப்புக் குறைந்த நேரத்தில் அவர் மாட்டிக்கொண்டார்.

நீர் சென்னையில் சும்மாதானே இருக்கிறீர். ஒருநாள் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டிப் பாரும், திருநெல்வேலிப் பக்கத்துக் கடை ஏதாவது விளம்பரம் கொடுத்திருந்தால் குறித்து அனுப்பும். கிடைத்துவிட்டால் என் கட்சி ஆட்டம் காணும், அதற்காக மறைத்துவிட மாட்டீர் என்று தெரியும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லும். குழந்தை பிறந்ததும் போன் போடுகிறேன்.

உம்ம,
நெல்லையப்பன்