மடிப்பும் மடங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மொழிப் பக்கத்தில், 'ஃபோல்டிங்' (மடித்தல்) என்ற ஆங்கிலச் சொல்லையும் அதைச் சார்ந்த சொற்களையும் விளக்கி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வெட்டி வைத்துக்கொள்ளத்தக்க கட்டுரை. ஆயினும், 'ஃபோல்ட்' என்று எழுதப்படும் அனைத்தையும் ஒரே சொல்லின் பொருள்களாக அதில் வரிசையாக அடுக்கியிருப்பது பொருத்தமாக இல்லை. எவை ஒரே வேரில் பிறந்தவை, எவை எழுத்தில் மட்டும் ஒத்திருப்பவை என்று பிரித்துக் காட்டாவிட்டால், கற்பவர் பட்டியலை மனப்பாடம் செய்வாரே தவிர, புதியதோர் இடத்தில் அச்சொல்லைக் காணும்போது பொருளைத் தாமே உய்த்துணர இயலாது.

ஆட்டுப்பட்டியைக் குறிக்கும் 'ஃபோல்ட்', தாளை மடிக்கும் 'ஃபோல்ட்' ஆகிய இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வடிவில் வழங்கிய இரு சொற்கள் காலப்போக்கில் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன. பெரிய ஆங்கில அகராதிகள் இவற்றுக்குத் தனித்தனித் தலைச்சொல் கொடுப்பது அதனால்தான். கட்சியை விட்டு விலகிய ஒருவர் மீண்டும் வந்து சேர்ந்ததை ஆங்கிலச் செய்தி இச்சொல்லால் குறிக்கும்போது, அங்கே பேசப்படுவது பட்டிக்குத் திரும்பும் ஆடு. 'தாய்க் கட்சிக்குத் திரும்பினார்' என்பதே அதற்கு நம் வழக்கு. மடிப்பைத் தேடிப் போனால் வாக்கியமே குலைந்துவிடும். கண்ணைக் கட்டுவதைக் குறிக்கும் 'பிளைண்ட்ஃபோல்ட்' என்பதும் மடித்தலில் பிறந்ததன்று. குருடாக்குதல் என்ற பொருளுடைய பழைய சொல்லொன்று, துணியை மடித்துக் கட்டும் செயலோடு மக்கள் மனத்தில் இணைந்து, இன்றைய வடிவத்தைப் பெற்றது. கட்டட வேலைக்குக் கட்டும் சாரத்தைக் குறிக்கும் 'ஸ்காஃபோல்ட்' பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்ட இடம், எண்களோடு ஒட்டி வரும் 'ஃபோல்ட்'. என் பார்வையில் மிகுந்த கவனம் வேண்டியது இதுவே. 'டூஃபோல்ட்' (இரு மடங்கு), 'டென்ஃபோல்ட்' (பத்து மடங்கு) என்பவற்றில் உள்ள ஒட்டு, மடித்தல் என்ற வினையோடு ஒரே வேரில் பிறந்தது. தமிழிலும் 'மடங்கு' என்ற அளவுச் சொல் 'மடங்குதல்' என்ற வினையோடு நிற்பதால், இந்த உறவு தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். ஆனால், மடங்கு வேறு, மடிக்கும் தடவை வேறு. ஒரு தாளை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, இருமுறை மடித்தால் நான்கு, மூன்றாம் முறை எட்டு. பத்து முறை மடிக்க முடிந்தால் 1024 அடுக்குகள் வரும், 0.1 மில்லிமீட்டர் தாள் 10 சென்டிமீட்டருக்கு மேல் தடித்துவிடும். பத்து மடங்கு என்றாலோ பத்து அடுக்கு மட்டுமே. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர் அறிவியல் செய்தியைத் தவறாகவே விளங்கிக்கொள்வார். மரபணு ஆய்வுகளில் வரும் 'ஃபோல்ட் சேஞ்ச்' என்ற அளவு, பிந்தைய மதிப்பை முந்தைய மதிப்பால் வகுத்துக் கிடைப்பது. அது 1 என்றால் மாற்றமே இல்லை என்று பொருள், 2 என்றால் அளவு இரட்டித்தது. 100 என்பது 200 ஆனதை 'இரு மடங்கானது' என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. 'இரு மடங்கு கூடியது' என்று எழுதினால், 300 ஆயிற்றோ என்று ஒருவர் எண்ணுவதில் தவறில்லை.

மடித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொற்களைக் கட்டுரை தொடவே இல்லை. 'ரிப்ளை' (மறுமொழி) என்பது மூலத்தில் திருப்பி மடித்தல். 'காம்ப்ளிகேட்' (சிக்கலாக்கு) ஒன்றோடொன்று சேர்த்து மடித்தல். 'எக்ஸ்பிளிசிட்' (வெளிப்படையான) மடிப்பு நீங்கி விரிந்து கிடப்பது. 'டிப்ளோமா'வோ கிரேக்கத்தில் இரண்டாக மடித்த ஆவணத்தைக் குறித்த சொல். 'டிப்ளமேட்' (அரசுத் தூதர்) அதன் வழியே பிறந்தது. இவற்றை ஒரு குடும்பமாகக் காட்டினால் சொற்கள் மனத்தில் தங்கும்.

துறைவழக்குகள் சிலவும் விடுபட்டுள்ளன. முட்டை வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து மாவுக் கலவையில் சேர்க்கும்போது, சமையல் குறிப்பு 'ஃபோல்ட்' என்று சொன்னால், நுரையில் பிடித்த காற்று வெளியேறாதபடி கரண்டியை அடிவரை இறக்கி, கலவையை மேலே எடுத்து மெல்லப் புரட்டிப் போட வேண்டும் என்பது பொருள். அதை வெறுமனே 'கலக்கவும்' என்று மொழிபெயர்த்தால், கேக் எழும்பாது. மருத்துவத்தில், 1741இல் ஃபெரெயின் என்ற பிரெஞ்சு உடற்கூற்றியலர் குரலெழுப்பும் உறுப்பை நரம்பிசைக் கருவியின் தந்தியாகக் கருதிப் பெயரிட்டதைப் பின்பற்றியே நாமும் 'குரல்நாண்' என்கிறோம். இன்றைய மருத்துவர்கள் 'வோகல் ஃபோல்ட்' என்ற பெயரை விரும்புகிறார்கள், ஏனெனில் அவை உண்மையில் சவ்வு போர்த்திய திசு மடிப்புகளே. நிறுவனம் மூடப்படுவதையும், சீட்டாட்டத்தில் ஒருவர் அந்த ஆட்டத்திலிருந்து விலகுவதையும் இச்சொல் குறிப்பதைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது.

இத்தொடரின் அடுத்த பகுதியில் ஆட்டுப்பட்டியைத் தனித் தலைப்பில் பிரித்துப் போட்டு, எண்ணோடு வரும் 'ஃபோல்ட்'டுக்கு ஓரிரு கணக்குகளையாவது எடுத்துக்காட்டாகத் தருமாறு கட்டுரையாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்