விதை என்று அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 28. என் வலது விதையில் இருப்பது புற்றுநோய்க் கட்டியா இல்லையா என்பது வரும் வியாழக்கிழமை ஓரளவு தெரிந்துவிடும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். முடிவு நல்லபடியாக வந்தால் இப்போதிருக்கும் கோபம் எனக்கு இருக்காது. வேறு மாதிரி வந்தால் எழுத உட்கார நேரம் இருக்காது.

கொலுசில் கோக்கும் மணிகளைப் பன்னிரண்டு வருடமாக விரலால் பொறுக்கிக்கொண்டிருப்பவன் நான். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாலும் எந்த மணி ஒரு பொட்டு பெருத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த விரலில்தான் பங்குனி மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது அது தட்டுப்பட்டது. விதையின் அடிப்பக்கம், பட்டாணி அளவு, கல்லைப் போல. அழுத்தினால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் அன்றைக்கே எங்காவது ஓடியிருப்பேன்.

இப்போது ஆடி. நடுவில் நான்கு மாதம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மருத்துவர் கேட்டார். உண்மையான பதில், அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை என்பதுதான். பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகிறவரிடம் மூலம் பற்றிப் பேசலாம், சர்க்கரை பற்றிப் பேசலாம். விதை என்றால் சண்டையில் திட்டும்போது வருகிற சொல்லாகத்தான் எங்கள் வாயில் பழகியிருக்கிறது. வீட்டில் அதுவும் கிடையாது. ‘அங்கே’, ‘கீழே’, அவ்வளவுதான்.

வார்த்தை இல்லாதவனுக்கு வழி காட்டியது ஒரு விளம்பரம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நாளிதழிலும் அந்த மாதிரி விளம்பரங்கள் வருகின்றன. பரம்பரை வைத்தியர், எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் இருப்பார், ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, ரகசியம் காக்கப்படும். இடுப்புக்குக் கீழே எது கெட்டாலும் அது ஆண்மைக் கோளாறுதான் என்று சின்ன வயதிலிருந்து படித்துப் படித்து மனதில் பதிந்திருக்கிறது. போனேன். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், சிறு வயதுத் தவறுகள் என்றார், லேகியமும் பொடியுமாக 4,500 ரூபாய் வாங்கினார். கட்டி என்று நான் சொல்லியும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் பாலில் கலந்து குடித்தேன். கட்டி வளர்ந்தது. இரு சக்கர வாகனத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கனக்கத் தொடங்கியது.

பிறகு போய்ப் பார்த்த சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் செய்த முதல் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச் விளக்கை விதைப்பைக்குப் பின்னால் வைத்து அடித்தார். நீர் கோத்திருந்தால் ஒளி ஊடுருவிச் செக்கச்செவேல் என்று தெரியுமாம். நமக்கெல்லாம் விரைவீக்கம் என்றால் நீர்தானே நினைவுக்கு வரும்? எனக்கு இடது பக்கத்தைப் பார்த்துவிட்டு வலது பக்கம் வந்தபோது அந்த இடம் மட்டும் இருட்டாக நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் விளக்கைப் போட்டார்.

பிறகு அடிவயிற்றோரம் இருந்த பழைய தழும்பைக் காட்டி இது என்ன ஆபரேஷன் என்றார். எட்டு வயதில் குடல் இறக்கத்துக்குச் செய்தது என்றேன். எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் பாத்திரத்தையே துலக்கிக்கொண்டிருந்துவிட்டு, குடல் இறக்கம் இல்லை, உனக்கு ஒரு பக்கம் இறங்கவே இல்லை, மேலேயே நின்றுவிட்டது, அதை இறக்கி வைத்தார்கள் என்றார். இறங்காததற்குப் போட்ட தையலுக்கு இறக்கம் என்று பெயர் வைத்து இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். அம்மாவைக் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கும் வார்த்தை கிடையாது.

விதை வயிற்றிலிருந்து பைக்குள் இறங்காமல் பிறந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். குழந்தைக்கு ஒன்றரை வயதாவதற்குள் ஆபரேஷன் செய்துவிட்டால் அந்த அபாயம் குறையும், முழுவதும் போகாது. எனக்கு எட்டு வயது வரை காத்திருந்திருக்கிறார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் மாதம் ஒருமுறை நானே தடவிப் பார்த்திருப்பேன். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. வெந்நீரில் குளித்த பிறகு, ஒவ்வொன்றாகக் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் மெத்தென்று கயிறு போல் இருப்பது எல்லோருக்கும் உண்டு. ஒன்று சற்றுத் தாழ்ந்திருப்பதும் இயல்புதான். விதையிலேயே கெட்டியாக எதுவும் இருக்கக் கூடாது. பட்டறையில் உள்ள எல்லா விரல்களுக்கும் இது பத்து நொடி வேலை.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அடுத்து மூன்று இரத்தப் பரிசோதனைகள், வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் சி.டி. ஸ்கேன். இரத்தம் கொடுக்கப் போன இடத்தில் சீட்டைப் பார்த்த பெண், பீட்டா எச்.சி.ஜி. என்பது கர்ப்பம் பார்க்கிற பரிசோதனை அண்ணா, அக்கா வரவில்லையா என்று கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழு பேர். எனக்குத்தான் என்றேன். யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் மேல் தப்பில்லை. விந்தணுவை உண்டாக்கும் செல்களிலிருந்து இந்தக் கட்டி கிளம்புகிறது, அவற்றில் சில, கருவுற்ற பெண்ணின் உடலில் சுரக்கும் அதே ஹார்மோனைச் சுரக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

‘ஓரளவு’ என்று முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இரத்தத்தில் அளவுகள் சரியாக இருந்தாலும் கட்டி புற்றாக இருக்கலாமாம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது இந்தக் கட்டிக்கு வழக்கமில்லை. சந்தேகம் வலுத்தால் விதைப்பையைக் கீறாமல் தொடை இடுக்கின் வழியாக அந்த விதையையே எடுத்துவிட்டு, அதைச் சோதித்துத்தான் முடிவாகச் சொல்வார்கள். கேட்டபோது கால் நடுங்கியது. மிச்சமிருக்கும் ஒன்றே போதும், கல்யாணமும் குழந்தையும் தடைப்படாது, கீமோ மருந்து ஏற்ற வேண்டிவந்தால் அதற்கு முன் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்றார் மருத்துவர். விதையை விட்டு வெளியே பரவாத நிலையில் பிடித்துவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். பரவினாலும் கைவிரிக்கிற நோய் இல்லை. 2011 உலகக் கோப்பையில் தொடர் நாயகனாக இருந்த யுவராஜ் சிங்குக்கு நெஞ்சுக்குள் வந்த கட்டி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். 2012இல் மருந்தேற்றி, அதே வருடம் இந்திய அணிக்குத் திரும்பினார்.

அந்த மருந்து பற்றி மருத்துவர் சொன்ன ஒன்றுதான் எனக்கு மனதில் நின்றது. அதன் பெயர் சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் சேர்ந்த மருந்து. 1974இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் இதைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த நோயின் கதையே மாறியதாம். வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும். பிளாட்டினத்துக்கு 1,768 வேண்டும், எங்கள் ஊதுகுழலுக்கு அது மசியவே மசியாது. கடை ஷோகேஸில் மட்டும் பார்த்திருக்கும் அந்த உலோகத்தை என் நரம்பில் ஏற்றுவார்களோ என்று நினைத்தபோது, பல நாட்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. முதலாளியிடம் சொன்னால் சேதாரம் எவ்வளவு என்று கேட்பார்.

இனி உங்களிடம் கேட்க வந்தது. அக்டோபர் மாதம் வந்தால் மார்பகப் புற்றுநோய்க்குப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். எங்கள் தெருப் பெண்கள் அதைப் பேசுகிறார்கள் என்றால் அந்தச் சொல்லை நீங்கள் வெட்கப்படாமல் திரும்பத் திரும்ப அச்சிட்டதும் ஒரு காரணம். இந்த நோய் நம் நாட்டில் அரிது, ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் வருவது இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவனுக்கு, அதாவது மருத்துவமனைப் பக்கமே போகாதவனுக்கு. வருடத்தில் ஒருநாள் கால் பக்கம் கொடுங்கள். ‘அந்தரங்க உறுப்பு’ என்று பூசி மெழுகாமல் விதை என்றே போடுங்கள். லாட்ஜ் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே போட்டாலும் சரி, அதைத் தேடித்தான் என்னைப் போன்றவன் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறான்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவுடன் கோட்டை மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். நேர்த்திக்கடனுக்குத் தகட்டில் செய்த உறுப்புகளைக் கடையில் பரப்பி வைத்திருந்தார்கள். கண், கை, கால், வயிறு. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். என்ன வேண்டும் அம்மா, எந்த இடத்தில் நோவு என்று கடைக்காரர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு முழு ஆள் உருவம் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இடம் போதாவிட்டால் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள். என் பெயரும் முகவரியும் உறைக்குள் தனித்தாளில் இருக்கின்றன, அவற்றை வெளியிட வேண்டாம். அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்