நாவல்பழ நிறத்தில் ஒரு டம்ளர்

தம்பெரே, பின்லாந்து
ஆடி 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே இப்போது கோடை, ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்து வருகிறேன்.

பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கரை புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போன அப்பா, வரும் வழியில் உனக்குத் தெரியாமல் அசோகா வாங்கிச் சாப்பிட்டதைப் போனில் சொன்னாய். திட்டாதே அம்மா. திருவையாற்றிலேயே பிறந்து வளர்ந்தவர், நெய் மினுங்கும் அசோகாவைக் கண்டும் காணாமல் எப்படிப் போவார்? சர்க்கரை நோய் இருப்பவருக்கு இனிப்பே கூடாது என்று சொல்வதைவிட, வீட்டிலேயே குடிக்க வேறொன்று செய்து கொடுக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த மாதம் இங்கே காடு முழுக்க முஸ்திக்கா. முழங்காலுக்குக் கீழேயே நிற்கும் செடி, சுண்டைக்காயைவிடச் சின்னப் பழம். யாருடைய காடானாலும் யாரும் போய்ப் பறித்துக்கொள்ளலாம் என்பது இந்த நாட்டு வழக்கம். முதல் நாள் பறித்ததில் பாதியை அங்கேயே தின்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நாக்கை நீட்டினால், அப்படியே நாவல்பழ நிறம்! குடமுருட்டிக் கரையிலிருந்து வந்தவுடன் நாக்கை நீட்டச் சொல்வாயே, அந்த ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இந்தப் பழத்தை வைத்து இவர்கள் சுடும் இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் வாசனை வரும். அந்த ருசியைத்தான் சர்க்கரை இல்லாமல் மிக்ஸியில் கொண்டுவரப் பார்த்தேன். முதல் தடவை ஓட்ஸை அப்படியே போட்டு அடித்துவிட்டேன், வாயெல்லாம் நறநறவென்று இருந்தது. இப்போது பாலில் பத்து நிமிஷம் ஊறவைத்துவிடுகிறேன். அப்புறம் ஃபிரீசரில் உறைந்த பழம் ஒரு கப், நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் பாதி, ரஹ்கா மூன்று கரண்டி, ஒரு ஏலக்காய். ரஹ்கா என்றால் நம் தயிரைத் துணியில் கட்டித் தண்ணீரை வடித்தது போல இருக்கும். பழம் உறைந்திருப்பதால் ஐஸ்கிரீம் போலக் கெட்டியாக வருகிறது, ஐஸ் வேண்டாம்.

நீ நாவல்பழத்தில் செய். இப்போதுதானே கூடைக்காரம்மா கொண்டுவருவார்கள்? கொட்டையை எடுத்துவிட்டு, சதையை மட்டும் முதல் நாளே ஃபிரீசரில் வைத்துவிடு. ஓட்ஸுக்குப் பதில் ஊறவைத்த அவல் இரண்டு கரண்டி. வாழைப்பழத்துக்குக் கொல்லைப் பூவன் போதும். ஜாரில் பாலை முதலில் ஊற்று, இல்லாவிட்டால் பிளேடு வெறுமனே சுற்றும். வடிகட்டாதே, நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது. தேன், வெல்லம் எதுவும் சேர்க்காதே. நாவலின் துவர்ப்பைப் பூவனே அடக்கிவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதே. பழத்திலும் வாழைப்பழத்திலும் சர்க்கரை உண்டு, அவலும் அரிசிதான். அதனால் அப்பாவுக்குச் சின்ன டம்ளரில் ஒன்றுதான், அதுவும் சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம். நாவல் சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்திவிடப்போகிறார், பார்த்துக்கொள்.

குடித்ததும் அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார். படித்துறையில் இந்த வருஷம் எத்தனை படி முழுகியிருக்கிறது என்றும் எழுது.

உன் அன்பு மகன்