ஜூரி முடிந்த மறுநாள்: கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கட்டடக்கலைக் கல்லூரிகளின் தலைவர்களுக்கும் மாணவர்கள் வடிவமைத்துப் பழகும் ஸ்டூடியோ வகுப்பை எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நவீன கட்டடக்கலையின் வரலாற்றைக் காகிதங்களில் தேடிப் படிப்பவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். புகழ்பெற்ற ஆர்க்கிடெக்டுகளின் டிராயிங்குகளைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்கென்று அறக்கட்டளைகளும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. லெ கார்புசியேயின் காகிதங்களை 1968 முதல் பாரிஸில் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அதே ஆண்டில் மீஸ் வான் டெர் ரோவுக்கென நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக் காப்பகம் வந்தது. என் கேள்வி வேறு. நீங்கள் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதற்கு முப்பது வருடம் கழித்து என்ன சான்று இருக்கும்?

பாடத்திட்டப் புத்தகம் இருக்கும், சரி. மதிப்பெண் பதிவேடும் இருக்கும். இரண்டையும் வைத்து ஒரு ஸ்டூடியோவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டூடியோ என்பது எதை வடிவமைக்க வேண்டும் என்று ஆசிரியர் எழுதிக்கொடுத்த பிரீஃப், மாணவர் போட்டுக் கிழித்த டிரேசிங் பேப்பர், நடுவில் மாறிய மாடல், மாணவர் வேலையை முன்னால் வைத்து விமர்சிக்கும் ஜூரியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை. செமஸ்டர் முடிந்ததும் இவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன. நன்றாக வந்த இரண்டு மாடல் முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறும். பிரீஃப் ஆசிரியரின் லேப்டாப்பில் இருக்கும். அவர் வேலை மாறினால் அதுவும் கிளம்பிவிடும்.

ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொள்வது நம் துறையின் பழைய பழக்கம். பாரிஸின் பழைய கலை, கட்டடக்கலைப் பள்ளியான எக்கோல் தெ போசார், ரோம் பரிசு என்ற போட்டியில் ஜெயித்த டிராயிங்குகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே எது முதல் பரிசு பெற்றது என்பதை இன்றும் ஷீட் ஷீட்டாகப் பார்க்கலாம். பரிசு வாங்காதவர் எங்கே தடுமாறினார், ஆசிரியர் எந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார் என்பதைப் பார்ப்பதுதான் கஷ்டம். கற்பித்தல் நடந்தது அந்தக் கோட்டில்தானே?

ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைப் பாருங்கள். 1919இல் தொடங்கி 1933இல் மூடியது. அதற்குள் வைமார், தெஸ்ஸாவ், பெர்லின் என்று மூன்று ஊர் மாறியது, கடைசியில் நாஜிகளின் நெருக்கடி. இப்படி அலைந்த ஒரு பள்ளியின் காகிதங்கள் மிஞ்சியதே ஆச்சரியம். ஆசிரியர்களும் மாணவர்களும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனதால் மிஞ்சின. அங்கே கற்பித்த ஓவியர் பால் க்ளே வகுப்புக்காக எழுதிய குறிப்புகள் மட்டும் சுமார் 3,900 பக்கம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அவர் பெயரில் உள்ள மையம் அவற்றை இணையத்திலேயே போட்டிருக்கிறது. அவர் திங்கட்கிழமை என்ன சொன்னார், அதை எந்தப் படத்தோடு சொன்னார் என்கிற அளவுக்கு உள்ளே போகலாம். 1960இல் டார்ம்ஸ்டாட்டில் பௌஹவுஸ் காப்பகம் தொடங்கியபோது, முன்னாள் மாணவர்களின் வீட்டுப் பெட்டிகளில் கேட்டு வாங்குவதற்கு ஏதோ இருந்தது.

அதே பௌஹவுஸில் ஒரு கசப்பான கதையும் உண்டு. தெஸ்ஸாவ் கட்டடத்தை நாம் மனதில் வைத்திருக்கும் விதமே புகைப்படக் கலைஞர் லூசியா மொஹோலி எடுத்த படங்களால் வந்தது. 1933இல் ஜெர்மனியை விட்டு அவசரமாகத் தப்பியபோது 500க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகடிவ்களை அவர் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அவை பௌஹவுஸைத் தொடங்கிய வால்ட்டர் க்ரோப்பியஸிடம் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் கண்காட்சிகளிலும் புத்தகங்களிலும் அந்தப் படங்கள் லூசியாவின் பெயர் இல்லாமலே வந்துகொண்டிருந்தன. லூசியா வழக்கறிஞர் வைத்துப் போராடி, 1957இல்தான் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார். காப்பகம் என்றால் பத்திரமாக வைப்பது மட்டும் இல்லை, யார் செய்தது என்று எழுதி வைப்பதும்தான். இதைப் பலர் இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் வேலை.

மாஸ்கோவின் வ்ஹுதெமாஸ் என்ற கலை, கட்டடக்கலைப் பள்ளி 1920 முதல் 1930 வரை நடந்தது. நிக்கொலாய் லதோவ்ஸ்கியின் வகுப்பில் மாணவர்கள் இடம், கன அளவு, எடை ஆகியவற்றைத் தனித்தனிப் பயிற்சியாகச் செய்தார்கள். அந்த மாடல்களை இன்று நாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களாகவே பார்க்கிறோம். யாரோ ஒருவர் கேமராவோடு அந்த அறைக்குப் போயிருக்காவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

ஒரு பிரீஃபை எடுத்துவைத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்பது சதுரப் பயிற்சியைச் சொல்வேன். 1950களின் நடுவில் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹெய்டக், காலின் ரோ, பெர்ன்ஹார்ட் ஹோஸ்லி, ராபர்ட் ஸ்லட்ஸ்கி முதலிய இளம் ஆசிரியர்கள் கொஞ்ச காலம் ஒன்றாக வேலை பார்த்தார்கள். அங்கே உருவானது இந்தப் பயிற்சி. மூன்றுக்கு மூன்று கட்டம். தூண், உத்தரம், தடுப்பு. மனை கிடையாது, வீட்டுக்காரர் கிடையாது, இத்தனை அறை வேண்டும் என்ற பட்டியலும் கிடையாது. அந்தக் கட்டத்துக்குள் எது உள்ளே, எது வெளியே, எது மையம், எது ஓரம் என்பதை மாணவர் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் குழு அங்கே நிலைக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஹெய்டக்கோடு பயிற்சி நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரிக்குப் போனது. ஹோஸ்லி சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்பைப் புதிதாகக் கட்டினார். அவர்களிடம் படித்தவர்கள் ஆசிரியரானார்கள், அப்புறம் அவர்களிடம் படித்தவர்களும். இன்று எத்தனையோ முதலாண்டு ஸ்டூடியோக்களில், எங்கிருந்து வந்தது என்று கொடுப்பவருக்கே தெரியாமல், அந்தப் பயிற்சி வேறு பெயரில் கொடுக்கப்படுகிறது. உங்கள் கல்லூரியிலும் இருக்கலாம், பழைய பிரீஃபுகளைப் புரட்டிப் பாருங்கள், இருந்தால். இந்தத் தடத்தை நாம் பிடிக்க முடிவதற்குக் காரணம், கூப்பர் யூனியன் மாணவர் வேலைகளைப் படம் எடுத்து வைத்தது, 1971இல் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது, ஹோஸ்லியின் காகிதங்கள் ஈடிஎச் காப்பகத்துக்குப் போனது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதையில் பாதி போயிருக்கும். ஒரு கட்டடம் ஒரு மனையில்தான் நிற்கும். ஒரு நல்ல பிரீஃப் கண்டம் தாண்டிப் போகும். எதைக் காப்பாற்ற அதிகச் செலவு செய்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கல்லூரிகள் காகிதத்தைப் பார்த்துக்கொள்ளும் விதம், ஆர்க்கிடெக்டுகள் யாரை நம்புகிறார்கள் என்பதையும் தீர்மானிக்கிறது. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் 1974இல் கடனோடு இறந்தார். அவருடைய டிராயிங்குகள் தனித்தனியாக விற்கப்பட்டுச் சிதறியிருக்கும். ஆனால் பென்சில்வேனியா மாநில அரசு மொத்தமாக வாங்கி, அவர் கடைசி வரை கற்பித்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலேயே வைத்தது. அவர் வடிவமைத்த அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தையோ டாக்கா நாடாளுமன்றத்தையோ பற்றி எழுதுகிற எவரும் ஒரு நாள் அங்கே போய் நிற்க வேண்டும். இதற்கு நேர் எதிராக, பிரேசில் ஆர்க்கிடெக்ட் பவுலோ மெண்டெஸ் ட ஹோஷா 2020இல் தன் காப்பகத்தைப் போர்ச்சுகலில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார். சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் பல காலம் கற்பித்தவர் அவர். பிரேசிலில் பெரிய சர்ச்சை எழுந்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் 91 வயது மனிதர் ஒருவர் தன் வாழ்நாள் வேலையைக் கடல் தாண்டி அனுப்புகிறார் என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் தங்களையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயர் பெறாதவர்களின் நிலை இன்னும் மோசம். 1985இல் மில்கா பிளிஸ்னகோவ் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பெண் ஆர்க்கிடெக்டுகளுக்கென ஒரு சர்வதேசக் காப்பகத்தைத் தொடங்கினார். அதுவரை அந்தக் காகிதங்களை யாரும் கேட்டு வாங்கவில்லை என்பதுதான் காரணம். மினெட் டி சில்வா இலங்கையின் முதல் பெண் ஆர்க்கிடெக்ட். 1970களில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தவர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அவரே தொகுத்து வெளியிட்ட நூலையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. டிராயிங்கின் மூலையில் பெயர், தேதி எழுதும் தலைப்புக் கட்டத்தில் முதலெழுத்து மட்டும் போட்ட டிராஃப்ட்ஸ்மேன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நவீனக் காலத்துப் பொருட்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் ராஜ் ரெவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் சேர்ந்து தில்லியில் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி மண்டபம் 1972இல் திறக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடமாகக் கருத 60 வயதாவது ஆக வேண்டும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. காகிதங்களுக்கும் இதே கதிதான். அலுவலகத்துக்கு அது பழசு, காப்பகத்துக்கு அது புதுசு. இடைப்பட்ட அந்த இருபது முப்பது வருடத்தில்தான் எல்லாம் தொலைகிறது.

அந்த இடைவெளியில் பொருளும் சும்மா இருப்பதில்லை. டிராயிங்கை நகலெடுக்கப் பயன்பட்ட அமோனியா பிரிண்டுகள் மங்கி மஞ்சளாகும், பக்கத்தில் இருக்கும் ஷீட்டையும் கெடுக்கும். அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். பழைய டிரேசிங் பேப்பர் சருகாக உடையும். ஒட்டிய செலோடேப் கறையாகத் தங்கும். இவையெல்லாம் மெதுவாக நடப்பவை. கணினி ஃபைல் அப்படி இல்லை, ஒரு நாள் திறக்கும், மறுநாள் திறக்காது. ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் வரைவதற்கான மென்பொருள்கள். இணைத்த ஃபைல் இல்லாத ஆட்டோகேட் டிராயிங் பாதி வெற்றுத்தாள். புதிய ரெவிட்டில் ஒரு முறை சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. மாண்ட்ரியலில் உள்ள கனடியக் கட்டடக்கலை மையம் 2013இல் ஆர்க்கிடெக்ட் கிரெக் லின்னை வைத்து, 1980கள் 90களின் முதல் டிஜிட்டல் வேலைகளைத் தோண்டி எடுத்தது. ஃபிராங்க் கெரி, பீட்டர் ஐசன்மேன் அளவிலான அலுவலகங்களின் வேலையையே அகழாய்வு மாதிரி செய்ய வேண்டியிருந்தது என்றால், படிப்பு முடிந்ததும் ரத்தாகும் மின்னஞ்சல் கணக்கில் கிடக்கும் மாணவர் தீசிஸ் எந்த மூலை?

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? உங்களுக்குப் புது வேலை எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. கல்லூரியைச் சோதித்து அங்கீகாரம் தரும் குழு வரும்போது நீங்கள் ஒரு அறையை ஒழித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் பிரீஃப், அட்டவணை, நன்றாகச் செய்த வேலை, தட்டுத்தடுமாறித் தேறிய வேலை என்று அடுக்கிவைக்கிறீர்கள். அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளில் குறைந்த மதிப்பெண் வேலையையும் காட்டச் சொல்வது வழக்கமாகவே இருந்திருக்கிறது. ஒரு வரலாற்றாய்வாளர் கனவு காணும் காப்பகம் கிட்டத்தட்ட அதேதான்! குழு கிளம்பியதும் அதைக் கலைத்துவிடுகிறீர்கள். கலைக்காதீர்கள். ஆண்டு, ஆசிரியர் பெயர், மாணவர் பெயர் எழுதி, ஒரு பெட்டியில் போடுங்கள். பெரிய மாடலை வைக்க இடம் இருக்காது, புரிகிறது. அளவுகோலோடு நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டு மாணவரிடமே கொடுத்துவிடுங்கள். கணினி வேலையாக இருந்தால் மூல ஃபைலோடு, நெடுங்காலம் வைப்பதற்கான பிடிஎஃப் ஏ (PDF/A) வடிவில் ஒரு பிரதியும், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று இரண்டு வரியும்.

மாணவரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் வைக்கக் கூடாது. தேறாத வேலையைப் பெயரோடு யாருக்கும் காட்டுவதற்கு ஒரு கால எல்லை வையுங்கள். ஜூரியை ஒலிப்பதிவு செய்வதானால் எல்லோரிடமும் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பதிவாகிறது என்று தெரிந்தால் சில ஜூரிகள் கொஞ்சம் மரியாதையாகவும் பேசக்கூடும்.

இதற்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். அந்த வருடம் யாருக்கு வகுப்பு குறைவோ அவர் தலையில் கட்டினால் நடக்காது. நூலகரின் வேலையில் ஒரு பகுதியாக, எழுத்தில், நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் நடக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்கட்டும். எல்லாவற்றையும் வைக்க எவராலும் முடியாது, முயலவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்னக் கோரிக்கை. உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, கல்லூரியின் தளத்தில் போடுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன மாதிரிப் பொருள், பார்க்க யாரைக் கேட்க வேண்டும், இவ்வளவு போதும். இன்ன வருடத்துக்கு முன் எதுவும் இல்லை என்று எழுத வேண்டியிருந்தால் அப்படியே எழுதுங்கள். தேடி வருபவருக்கு ஒரு பயணம் மிச்சம், உங்கள் பழைய மாணவர் யாராவது அதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பரணில் ஏறவும் கூடும்.

இப்படிக்கு,
உங்கள் காப்பக அறைகளில் இடம் கேட்டு வரும் ஓர் ஆய்வாளர்