ஜெனீவா கிளம்பும் முன் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். ஜெனீவா பரிமாற்றப் பயணத்தின் நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகத்துக்கு ஒரு நாள், அங்குள்ள பள்ளிக்கு ஒரு நாள், குழந்தை உரிமைக்காக ஐ.நா. அலுவலகத்தில் ஒரு நாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழந்தை உரிமையை ஒரே நாளில் அடைத்துவிட வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கம் 1924-ல் ஏற்றுக்கொண்ட, குழந்தை உரிமை பற்றிய ஜெனீவா பிரகடனத்தில் ஐந்தே அம்சங்கள். எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி எழுதியது. பசித்த குழந்தைக்குச் சோறு, நோயுற்ற குழந்தைக்குப் பராமரிப்பு, ஆபத்து வந்தால் முதலில் உதவி குழந்தைக்கே. பெரியவர்கள் கொடுக்க வேண்டும், குழந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை அதைத் தாண்டிப் போனது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. குழந்தை சொன்னதையெல்லாம் செய்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை. நாள் முழுக்க ஏரிக்கரையிலேயே இருக்கலாம் என்று பிள்ளைகள் கேட்டால் மறுக்கலாம். ஏன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். யார் எந்த வீட்டில் தங்குவது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் சொல்வது, இரவில் பயமாக இருந்தால் யாரை அழைப்பது என்பதையெல்லாம் அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

செர்ன் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை. அணுத்துகள்களை மிக வேகமாக ஓடவிட்டு மோதவைக்கும், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அது ஓடும்போது கதிர்வீச்சு காரணமாகச் சுரங்கத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். இதை இப்போதே சொல்லிவிட்டால் அங்கே போய் முகம் வாடாது. 2004-ல் இந்திய அரசு பரிசளித்த நடராஜர் சிலையும் அந்த வளாகத்தில் நிற்கிறது. அறிவியல் கூடத்தில் கடவுள் எதற்கு என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்கலாம். பதிலை நீங்கள் தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிடாதீர்கள், டீச்சர். நம் பிள்ளைகளுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும். சண்டை போட்டுக்கொள்ளட்டும். கலாச்சாரப் பரிமாற்றத்துக்கு மேடை நடனத்தை விட இது உருப்படியான வழி.

அப்புறம், புகைப்பட விஷயம். நாம் படங்களைப் போடும் உலகளாவிய வலைக்கான (வெப்) திட்டத்தை டிம் பெர்னர்ஸ்-லீ செர்னில் எழுதிக் கொடுத்ததும் அதே 1989-ல்தான். உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. பயணப் படங்களைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட என் கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. என் மகள் கையெழுத்துப் போட அதில் ஒரு கோடுகூட இல்லை. அவளுக்கும் ஒரு கோடு சேருங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் விழும் படங்களுக்கு அவர்களையும் கேட்க வேண்டும்.

ஐ.நா. நாளில் வெறும் மண்டபங்களைச் சுற்றிக் காட்டினால் போதாது. ஜெனீவாவில் கூடும் குழந்தை உரிமைக் குழுவில் 18 நிபுணர்கள் இருக்கிறார்கள். உடன்படிக்கையை ஏற்ற ஒவ்வொரு நாடும் தன் குழந்தைகளை எப்படி வைத்திருக்கிறது என்று அறிக்கை வாங்கிக் கேள்வி கேட்பது அவர்கள் வேலை. அந்தக் குழுவுக்குக் குழந்தைகளும் தங்கள் அறிக்கையை அனுப்பலாம். நம் பிள்ளைகள் எழுதினால் எதை எழுதுவார்கள் என்று கிளம்பும் முன்பே கேட்டுப் பாருங்கள். பள்ளியைப் பற்றியும் இரண்டு வரி வரக்கூடும், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பயணக் கூட்டத்துக்குப் பெற்றோரை மட்டும் அழைத்திருக்கிறீர்கள். என் மகளையும் கூட்டி வருகிறேன், அவளிடம் கேள்விகள் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா