படத்தை வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய ஓவியம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். "அக்காலத்தில் பெண்கள் தூரிகை எடுக்க முன்வரவில்லை" என்ற வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை.

1768இல் லண்டன் ராயல் அகாடமி என்ற கலைஞர் கழகத்தைத் தொடங்கிய உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண் ஓவியர்கள் இருந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. சில ஆண்டுகளில் யோஹான் சொஃபனி அந்த உறுப்பினர்களைச் சேர்த்து ஓர் ஓவியம் வரைந்தார். ஆண்கள் நிர்வாண மாடலைச் சுற்றிக் கூடியிருக்கிறார்கள்; இந்த இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இருக்கிறார்கள். மாடலைப் பார்த்து வரையும் அறைக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. உடலைப் பார்த்து வரையப் பழகாமல், அன்று உயர்வாக மதிக்கப்பட்ட புராண, வரலாற்று ஓவியங்களில் எப்படிக் கைவைப்பது? அப்படியும் காஃப்மன் அவற்றைத்தான் வரைந்தார். கதவைச் சாத்திவிட்டு, பெண்களுக்குப் பூவும் பழமும்தான் வரையவரும் என்று பேசினார்கள். இவர்களுக்குப் பிறகு ஒரு பெண் அங்கே முழு உறுப்பினராகத் தேர்வானது 1936இல், லாரா நைட். பாரிஸ் அரசு ஓவியப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897இல்தான்.

கட்டுரையோடு ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். கையில் தூரிகைகளோடு ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அடியில் "17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியம்" என்று மட்டும் இருக்கிறது. அவர் யூடித் லெய்ஸ்டர், ஐயா. தன்னைத் தானே வரைந்துகொண்ட படம் அது. 1633இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர். இறந்தபின் அவர் ஓவியங்கள் அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் பெயரில் புழங்கின. 1893இல் அப்படி ஒரு படத்தில் அவருடைய கையொப்பம், பெயரெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம், கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் படத்தை ஒட்டி வழக்கும் நடந்தது. ஹால்ஸ் வரைந்தது இல்லை என்றால் அந்த விலை கொடுக்க முடியாதாம், வாங்கியவர்களுக்கு. அதற்கு முதல் நாள் வரை எல்லோரும் வியந்த அதே படம்!

நானும் வரைகிறவள். ஒரு கூட்டுக் கண்காட்சியின் அழைப்பிதழில் ஆண் ஓவியர்கள் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகியிருந்தது. எங்களுக்கு "மற்றும் மகளிர் ஓவியர்கள்" என்று ஒரே வரி. கேட்டதற்கு இடம் போதவில்லை என்றார்கள். பார்க்க வந்தவர்கள், அப்பாவிடம் கற்றீர்களா, கணவரிடமா என்று விசாரித்தார்கள். அப்புறம், தங்கள் பத்திரிகையின் பேட்டிகள். பெண் ஓவியர் என்றால் வீட்டுவேலைக்கு நடுவே நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று தவறாமல் கேட்கிறீர்கள். வண்ணத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, கோட்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பல வருட வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், மனது வலிக்கிறது.

கட்டுரையாளரின் அந்த வரிக்கு மறுப்புக் கட்டுரை எழுத இடம் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில் அந்தப் படத்தை வரைந்தவர் யூடித் லெய்ஸ்டர் என்று ஒரு திருத்தம் போடுங்கள். எந்த மூலையில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் வாசகி