அனுமதியோடு முடிந்துபோகும் கட்டட மாதிரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் சிங்கப்பூரின் கரிம வெளியீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கட்டடங்களால் உண்டாவதால், 2030ஆம் ஆண்டுக்குள் மொத்தத் தளப்பரப்பில் 80 விழுக்காட்டைப் பசுமைக் கட்டடங்களாக்க அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதற்குக் கைகொடுக்கும் கருவியான மின்னிலக்கக் கட்டட மாதிரியை, அதாவது கட்டடத்தின் விவரங்களைத் தாங்கிய முப்பரிமாணக் கணினி வடிவத்தை, நாம் பாதி வழியில் விட்டுவிடுகிறோம் என்பது, இருபது ஆண்டுகளாகக் கட்டடப் பராமரிப்பில் இருக்கும் என் கருத்து.

5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் திட்டங்களை இந்த மின்னிலக்க மாதிரியாகவே அனுமதிக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 2015இலேயே நடப்புக்கு வந்தது. சுவர் எங்கே, தூண் எங்கே என்று காட்டுவதோடு அந்த மாதிரியின் பயன் முடிவதில்லை. சன்னல் கண்ணாடி எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும், குளிர்நீர்க் குழாயின் விட்டம் என்ன, எந்தக் காற்று இயந்திரம் எந்த அறைக்குக் குளிர் அனுப்புகிறது என்பனவற்றையும் அதில் பதிந்து வைக்கலாம். ஆனால் அனுமதி கிடைத்து, கட்டடம் எழும்பி, சாவி கைமாறிய பிறகு பல இடங்களில் அதைத் திறந்து பார்ப்பார் இல்லை.

நான் முன்பு வேலை செய்த ஒரு கட்டடத்தில், ஒன்பதாம் மாடிக் கூட்ட அறை நாள் முழுதும் 20 டிகிரியில் விறைத்துக் கிடந்தது. குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு கூட்டம் நடத்தியவர்களின் புகார்கள் வாரந்தோறும் எங்களுக்கு வந்தன. புதிதாகக் குடிவந்த நிறுவனம் எழுப்பிய தடுப்புச் சுவரால், அந்த அறையின் குளிரைக் கட்டுப்படுத்தும் வெப்ப உணர்கருவி மேற்கு வெயில் விழும் பக்கத்து அறைக்குப் போய்விட்டதை, ஏணி வைத்து உட்கூரைப் பலகைகளைக் கழற்றி, கம்பியின் தடம் பிடித்த பிறகே கண்டோம். எங்கள் கையில் இருந்ததோ தடுப்புச் சுவருக்கு முந்திய வரைபடம்.

மாதிரியை அவ்வப்போது புதுப்பித்து உணர்கருவிகளுடன் இணைத்திருந்தால், இந்தக் கோளாறு திரையிலேயே தெரிந்திருக்கும். நம் ஊர் அலுவலகங்களில் மின்சாரத்தைப் பெரிதும் விழுங்குவது குளிரூட்டல்தான் என்பதால், ஆளில்லாத அறை எது, எந்த இயந்திரம் அதற்குக் காற்று அனுப்புகிறது என்று ஒரே இடத்தில் பார்த்துக் குறைக்க முடிவது சிறிய சேமிப்பன்று. அதற்காக விற்பனையாளர்கள் காட்டும் வண்ணத் திரைகளைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. மாதிரியில் ஒரு பெயரும் கட்டுப்பாட்டுக் கருவியில் வேறொரு பெயருமாக ஒரே அறை பதிவாகியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் தவறான அறையைத்தான் குளிரவைக்கும். பெயர்களை ஒத்துப்பார்க்கும் அந்தச் சலிப்பான வேலைக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

ஆகவே, வெவ்வேறு நிறுவனங்களின் கட்டட மென்பொருள்கள் பலவற்றிலும் திறக்கக்கூடிய ஐஎஃப்சி (IFC) என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் மாதிரியைப் பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைப்பதைக் கட்டட உரிமையாளர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அதைக் கையாளும் பயிற்சி, ஏணியில் ஏறும் தொழில்நுட்பர்களுக்கும் கிடைக்க வேண்டும். புதுப்பிப்புப் பணிக்குக் குத்தகையாளரிடம் வைப்புத்தொகை வாங்கும் நிர்வாகங்கள், திருத்திய மாதிரி கைக்கு வந்த பிறகே அத்தொகையைத் திருப்பித் தரலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பு ஊழியர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்